தேர்வான குளம்

குளத்துக்காரருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் சால்வை போர்த்தினார். அன்றைக்குப் போன தூக்கம் அவருக்கு இன்னும் திரும்பி வரவில்லை.

காலை நேரம். வீட்டுக்குப் பின்னால் குளக்கரையில் கணவனும் மனைவியும் மீன்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்கள். தீனி, மனைவியின் இலாகா. தகர வாளியின் விளிம்பில் வளையலால் ‘டக் டக்’ என்று தட்டுவாள். அவ்வளவுதான், நாலு மூலையிலிருந்தும் தண்ணீரைக் கோடு கோடாகக் கிழித்துக்கொண்டு மீன்கள் வரும். பந்தியில் இடம் பிடிக்க ஓடிவரும் சொந்தக்காரர்களைப்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி வாயைத் திறக்கும்.

“அடிச்சுக்காதீங்கடா, எல்லாருக்கும் இருக்கு” என்று அதட்டிக்கொண்டே தவிட்டை வீசுவாள். கணவருக்கு அவள் இவ்வளவு பிரியமாகப் பரிமாறியது கிடையாது. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதும் கிடையாது.

இன்னும் கொஞ்ச நாள்தான். விழா முடிந்து, ஊரார் விரதம் முடித்து, மறுபடி மீன் வாங்க வரும்போது வலை போட வேண்டும். அந்தக் குளத்தில் நீந்திக்கொண்டிருந்தது அவர்களுடைய அடுத்த வருஷத்துச் சோறு.

அப்போதுதான் வேலிக் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். ஒரு கையில் சால்வை, ஒரு கையில் அளக்கிற டேப். நீர்நிலைத் தூய்மை மற்றும் விழா நல்லிணக்க வாரியத்தின் கள அதிகாரி என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டார். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. குளத்துக்காரர் மனைவி அந்த நிமிஷமே அவருக்கு ‘டேப்புக்காரர்’ என்று பெயர் வைத்துவிட்டாள்.

டேப்புக்காரர் சால்வையைப் போர்த்திக் கையைக் குலுக்கினார்.

“வாழ்த்துகள்! உங்க குளம் தேர்வாயிடுச்சு.”

குளத்துக்காரருக்குச் சிரிப்பு வந்தது. மீன் வளர்ப்புக்கு ஏதோ பரிசு என்று நினைத்துவிட்டார். “எதுக்குங்க சார்?”

“பசுமைக் கரைப்புக்கு.”

விஷயம் இதுதான். ஒவ்வொரு வருஷமும் விழாவின் கடைசி நாளில் ஊரிலுள்ள சாமி சிலைகளையெல்லாம் பெரிய ஏரியில்தான் கரைப்பார்கள். கரைப்பார்கள் என்றால் போடுவார்கள். கரைவது சிலையின் விருப்பம். பிளாஸ்டர், கம்பி, பெயிண்ட், ஜிகினா என்று வருஷக்கணக்கில் உள்ளே போனதில் ஏரிக்கு ஒவ்வொரு பக்கம் ஒவ்வொரு நிறம். தவளைகூட விட்டுவிட்டுப் போய்விட்டது. யாரோ வழக்குப் போட்டார்கள். இனிமேல் இயற்கை நீர்நிலைகளில் சிலை கரைக்கக் கூடாது, அதற்கென்று செயற்கைக் குளம் வெட்டி அதில்தான் கரைக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வாரியம் உடனே வேலையில் இறங்கியது. முதல் வருஷம், ‘செயற்கைக் குளத்துக்குச் செல்லும் வழி’ என்று ஒரு வளைவு கட்டித் திறந்தார்கள். அடுத்த வருஷம், மற்ற நாடுகளில் செயற்கைக் குளம் எப்படி இருக்கிறது என்று குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். இந்த வருஷம், வளைவுக்குள் புகுந்து போனால் குளம் எங்கே என்று யாரோ கேட்டபோதுதான், அதை யாரும் வெட்டவில்லை என்பது தெரிந்தது. அதனால் வெட்டி முடித்த குளமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“இது நீங்களே வெட்டினதுதானே?” என்றார் டேப்புக்காரர், டேப்பை இழுத்துக் கரையை அளந்தபடியே.

குளத்துக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். “ஆமாங்க. நானும் இவளும்தான். ஒரு மண்வெட்டி உடைஞ்சுது, இவளுக்குக் கை ரெண்டும் காப்புக் காய்ச்சுப் போச்சு...”

“போதும். மனுஷன் வெட்டினதுன்னா செயற்கை.”

“சார், இதுல மீன் இருக்குங்க.”

டேப்புக்காரர் தண்ணீரைப் பார்த்தார். நூற்றுக்கணக்கான வாய்கள் அவரைப் பார்த்தன.

“செயற்கைக் குளத்துல மீன் இருக்காது.”

“இருக்கே சார். அதோ பாருங்க, உங்களையே பார்க்குது.”

“நான் என்ன பார்க்கறேன்கறது முக்கியமில்லண்ணே. வாரியத்தோட விளக்கப்படி, செயற்கைக் குளம்னா உயிர் இல்லாத தண்ணி. உயிர் இருந்தா அது இயற்கை நீர்நிலை. இயற்கை நீர்நிலைன்னா அரசாங்கச் சொத்து. அரசாங்கச் சொத்துல நீங்க வேலி போட்டு, கரையில வீடும் கட்டிக்கிட்டு...” அவர் குரல் நிஜமாகவே வருத்தத்தில் தாழ்ந்தது. “எனக்கே கஷ்டமா இருக்கு. ரெண்டுல எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. வாரியம் யாரையும் கட்டாயப்படுத்தாது.”

குளத்துக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி மீன்களைப் பார்த்தாள். அந்த நேரத்தில் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் சாமி காரியத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறான் என்ற பேர் வந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். அதனால் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டார்.

“நாங்க சாமிக்கு எதிரி இல்ல சார். சொல்லப்போனா இவ வருஷா வருஷம் இந்தக் கரை மண்ணை எடுத்து, தவிடு கலந்து, உள்ளங்கை அளவுக்குச் சாமி பிடிச்சுக் கும்பிட்டுட்டு, இதே குளத்துலதான் விடுவா. இறங்கின கையோட மீனுங்க கடிச்சுத் தின்னுடும். பிரசாதம் மாதிரி.”

டேப்புக்காரர் முகத்தில் சூரியன் உதித்தது. “இங்கயா?”

“இங்கதாங்க.”

“வருஷா வருஷம்?”

மனைவி முழங்கையால் இடித்தாள். அது வந்து சேர்வதற்குள் குளத்துக்காரர் தலையாட்டிவிட்டார்.

“அப்போ இது பாரம்பரியமா சிலை கரைக்கிற இடம்! இதை வந்ததும் சொல்லியிருக்கக் கூடாதா? வீணா அளந்துகிட்டு நிக்கறேன்.” டேப் சர்ரென்று உள்ளே போய்ச் சுருண்டது.

அவர் போன பிறகு மனைவி வாளியில் மிச்சமிருந்த தவிட்டை மீன்களுக்கு வீசி முடித்தாள். கடைசியில், “அந்தச் சால்வையைக் கழட்டுங்க. பார்க்கச் சகிக்கல” என்றாள்.

மறுநாள் குளத்துக்காரர் வாரிய அலுவலகத்துக்குப் போனார். வாசலில் செயற்கை நீரூற்று. அதற்குள் நீரை நேசிக்கச் சொல்லி ஒரு பலகை, பலகைக்குப் பின்னால் குழாய் ஒழுகி, ஒழுகின இடத்தில் ஒரு வாளி. உள்ளே வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டி. அதில் கலர் மீன்கள். அவற்றுக்குக் காற்று விட ஒரு மோட்டார், வேளாவேளைக்குத் தீனி போட ஓர் ஊழியர், ‘கண்ணாடியைத் தட்டாதீர்கள், மீன்கள் பயப்படும்’ என்று ஓர் எச்சரிக்கை. குளத்துக்காரருக்கு அதைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. மீனுக்குப் பயம் வரும் என்று தெரிந்தவர்கள், மீனுக்குச் சாவு வரும் என்பதையும் தெரிந்திருக்கத்தானே வேண்டும்?

வாரியத் தலைவர் நல்ல மனிதர். எழுந்து நின்று கும்பிட்டார். குடிக்கப் பாட்டில் தண்ணீர் கொடுத்தார். சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டார். நடுவில் ஒரு தடவை லேசாகக் குறட்டை விட்டதுபோல இருந்தது. அது ஏசி சத்தமாகவும் இருக்கலாம்.

“நீங்க எதுக்குப் பயப்படறீங்க?” என்றார் தலைவர். “வரப்போற சிலை எல்லாம் சுத்தமான களிமண். நாங்க சோதிச்சுட்டோம். உங்களுக்கும் ஒரு தடவை செஞ்சு காட்டறேன்.”

மணியை அடித்தார். ஓர் ஊழியர் பீரோவைத் திறந்து வெல்வெட் பெட்டி ஒன்றை எடுத்து வந்தார். உள்ளே நெல்லிக்காய் அளவில் ஒரு களிமண் உருண்டை. இன்னொருவர் கண்ணாடி டம்ளர் கொண்டுவந்தார். மூன்றாமவர் வெள்ளி ஸ்பூன். அறையில் இருந்த எல்லோரும் எழுந்து நின்றார்கள். தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டு, பாட்டில் தண்ணீரை டம்ளரில் ஊற்றி, உருண்டையைப் போட்டு, ஸ்பூனால் பயபக்தியோடு கலக்கினார். தண்ணீர் பழுப்பானது. எல்லோரும் கை தட்டினார்கள். இதற்குப் பெயர் மாதிரிக் கரைப்பு. ஒவ்வொரு வருஷமும் ஊரிலுள்ள அத்தனை சிலைகளும் இப்படித்தான் சோதனையில் தேறின.

“பார்த்தீங்களா? கரைஞ்சுடுச்சு!”

“சார், இது உங்க மண்ணு. வரப்போற சிலை பிளாஸ்டர். பட்டறையில மூட்டை மூட்டையா இறக்கறதை நானே பார்த்தேன்.”

“அந்தச் சிலை எவ்வளவு உயரம் தெரியுமா?”

“தெரியும் சார். ரெண்டு மாடி.”

“அது இந்த டம்ளருக்குள்ள போகுமா?”

“போகாதுங்க.”

“அதனாலதான் மாதிரி வச்சுச் சோதிக்கறோம். இதுகூடப் புரியலைன்னா எப்படி?”

குளத்துக்காரர் கையைக் கூப்பினார். “சார், சிலையைக் கொஞ்சம் சின்னதா செய்யச் சொல்லலாமே?”

“சொன்னேனே! விழாக் குழுக்காரங்களை இதே அறையில உட்கார வச்சுச் சொன்னேன். ‘எங்க சிலையைச் சின்னதாக்கினா பக்கத்துத் தெருக்காரன் சிலை பெரிசாயிடுமே’ன்னு கண் கலங்கிட்டாங்க. அது நம்பிக்கை. நம்பிக்கையில நான் தலையிடறதே இல்லை. மீன் விஷயத்துல தலையிடலாம், தப்பில்லை. மீனுக்குச் சங்கம் கிடையாது.”

“வலை போடற வரைக்குமாவது பொறுத்துக்கங்க சார்.”

“நாள் நட்சத்திரம் பார்த்து வச்ச விழா. உங்க மீனுக்காகக் கிரகங்களைக் கொஞ்சம் நிக்கச் சொல்லவா?”

“அப்போ மீனையெல்லாம் பிடிச்சுப் பெரிய ஏரியில விட்டுக்கறேன். அதுக்காவது அனுமதி கொடுங்க.”

தலைவர் முதல் முறையாகக் கோபப்பட்டார். “ஏரியிலயா? அதைக் காப்பாத்தத்தானே இவ்வளவு பாடுபடறோம்! இப்பத்தான் சுத்தி வேலி போட்டு, விளக்குப் போட்டு, படகு விட்டிருக்கோம். அதுக்குள்ள உயிருள்ளதைக் கொண்டுபோய் விட்டு நாசம் பண்ணணும்கறீங்களா? உங்களுக்குச் சமூகப் பொறுப்பே கிடையாதாய்யா?”

குளத்துக்காரர் வெளியே வந்தார். கண்ணாடித் தொட்டி மீன் ஒன்று அவரைப் பார்த்து வாயைத் திறந்து மூடியது. ஏதோ சொல்ல வருவதுபோல இருந்தது. கண்ணாடியைத் தட்டாமல் நகர்ந்தார்.

அங்கிருந்து நேராக மீன் வியாபாரியிடம் போனார். பொடிசாக இருந்தாலும் பரவாயில்லை, கிடைத்த விலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினார். வியாபாரி கடையைக் கழுவிவிட்டு, கதவுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணே, உங்களுக்குத் தெரியாததா? ஊரே விரதம். விழா முடியற வரைக்கும் ஒரு உயிரைக் கொல்லக் கூடாது. இப்போ போய் மீனைக் கொண்டுவரேங்கறீங்களே, பாவம் இல்லையா?”

குளத்துக்காரர் வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். “நான் சாமியையே கேட்கறேன்” என்றாள். அவள் சொன்ன சாமி, குருக்கள். அவளுக்குத் தெரிந்து மேலிடத்தில் செல்வாக்கு உள்ளவர் அவர் ஒருவர்தான்.

குருக்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். “கைப்பிடி மண்ணு போதும்மா. நீ செய்யறியே, அதுதான் முறை. பூசை முடிஞ்சு நான் மந்திரம் சொல்லிட்டா சாமி புறப்பட்டுப் போயிடறார். அப்புறம் இருக்கறது கம்பியும் பெயிண்டும். அதைப் போய் ஏன் தண்ணியில போடணும்? தொடக்க விழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருக்காங்க. மைக்கைப் பிடிச்சே சொல்லிடறேன்.”

தொடக்க விழா குளக்கரையிலேயே நடந்தது. மேடை போட இடம் போதவில்லை என்று கரையிலிருந்த ஒரே நிழல் மரத்தை வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் மேடை போட்டு, மேடைமேல் தலைவர் மரக்கன்று நட்டார். தொட்டியோடு நட்டதால், புகைப்படம் எடுத்ததும் அப்படியே தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். அடுத்த விழாவுக்கும் அதே கன்று தேவைப்பட்டது. தெர்மோகோலில் செய்த பூமி உருண்டை ஒன்று மேடையில் சுற்றியது. அது சுற்றுவதற்கு ஜெனரேட்டர் ஓடியது. பூமியின்மேல் புகை படிந்து கொஞ்ச நேரத்தில் கண்டங்கள் மறைந்துவிட்டன.

குருக்கள் பேசினார். மனைவியிடம் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னார். கூட்டம் அமைதியாகிவிட்டது. குளத்துக்காரர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்தன்று பிடித்தது, நாலு பேர் எதிரில் அதற்குப் பிறகு இன்றுதான்.

தலைவர் எழுந்து குருக்களைக் கட்டித் தழுவினார். பிறகு மைக்கை வாங்கினார்.

“கேட்டீங்களா? குருக்களே சொல்லிட்டார்! மந்திரம் சொன்னதும் சாமி புறப்பட்டுப் போயிடறார். அப்படின்னா நாம தண்ணியில போடறது சாமி இல்லை. சாமியே இல்லாததைப் போட்டா எப்படிப் பாவம் வரும்? அதனால யாரும் மனசு சங்கடப்படாம, எவ்வளவு பெரிசு வேணும்னாலும் போடலாம்!”

கைதட்டல் அடங்க நேரமானது. குருக்கள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

“இன்னொரு முக்கியமான விதி,” என்றார் தலைவர். “தண்ணிக்குள்ள போன சிலையை யாரும் தொடக் கூடாது. நகர்த்தக் கூடாது. வெளியில எடுக்கக் கூடாது. ஏன்னா அது சாமி. சாமி மேல கை வச்சா மக்கள் மனசு புண்படும்.”

ஆக, தண்ணீரைத் தொடும்வரை அது சாமி இல்லை. தொட்ட பிறகு சாமி. இதில் யாருக்கும் எந்தக் குழப்பமும் இருந்ததாகத் தெரியவில்லை.

“எங்க அப்பா சின்ன வயசுல பெரிய ஏரியில கையால தண்ணி அள்ளிக் குடிச்சவர். எவ்வளவு கிருமி இருந்திருக்கும்! இன்னிக்கு அந்தக் கவலை இல்லை. ஏரித் தண்ணியைக் குடிக்கணும்னு யாருக்கும் தோணறதுகூட இல்லை. இதுதான் வளர்ச்சி.” தலைவர் பாட்டில் தண்ணீரைக் குடித்து முடித்து, காலிப் பாட்டிலைக் குளத்துக்குள் எறிந்து கரைப்பைத் தொடங்கி வைத்தார். மீன்கள் தீனி என்று நினைத்துப் பாட்டிலைச் சுற்றி வந்து வாயைத் திறந்தன.

அன்று மத்தியானமே புருஷனும் பெண்டாட்டியும் வலையோடு குளத்தில் இறங்கினார்கள். கைக்குக் கிடைத்ததையெல்லாம் பிடித்து அண்டா, குடம், வாளி, சமையல் பாத்திரம் என்று எதையும் விடாமல் நிரப்பினார்கள். சிறுபாத்திரங்களில் விட்டவை மூச்சுத் திணறி ஒவ்வொன்றாக மல்லாந்தன. கொல்லைப்புறத்தில் குளிக்கத் தண்ணீர் பிடித்துவைக்கும் பெரிய நீல டிரம் மட்டும் தாக்குப் பிடித்தது. மனைவி சொம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தாள். “காத்துப் படட்டும், காத்துப் படட்டும்” என்று முணுமுணுத்தாள். அதற்குள் மேளம் வந்துவிட்டது.

வேலியைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கிரேன் உள்ளே நுழைந்தது. பின்னால் சிலைகள். தெரு முழுக்கச் சிலைகள். டேப்புக்காரர் நுழைவாயிலில் நின்று ஒவ்வொன்றுக்கும் சான்று கொடுத்துக்கொண்டிருந்தார். உடம்பில் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தால் அது சுற்றுச்சூழலுக்கு உகந்த சிலை. பச்சை இல்லாமல் வந்தவர்களுக்காக அவரே ஒரு டப்பாவும் பிரஷ்ஷும் வைத்திருந்தார்.

முதல் சிலை இறங்கியதும் தண்ணீர் வெள்ளையானது. அடுத்தது இறங்கியதும் சிவப்பு. அப்புறம் எந்த நிறம் என்று சொல்ல முடியவில்லை. குளம் சின்னது, சாமி பெரியவர். கடைசியாக வந்த இரண்டு மாடிச் சிலை உள்ளே போக இடமில்லாமல் கவிழ்ந்து, தலை சேற்றில் புதைந்து, கால் இரண்டும் வானத்தைப் பார்க்க நின்றுவிட்டது. ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஓரத்தில் மீன்கள் கும்பலாகத் தண்ணீருக்கு மேலே வாயை வைத்துக்கொண்டு துடித்தன. குளத்துக்காரர் மார்பளவு தண்ணீரில் பாய்ந்து, அந்தச் சிலையின் கையைப் பிடித்து இழுத்தார்.

“தொடாதீங்க!” டேப்புக்காரர் அலறினார். “சாமிண்ணே அது!”

“மூச்சு விட முடியாமத் துடிக்குதுய்யா! ஓரமா ஒரு முழம் நகர்த்திக்கறேன்!”

“விதி தெரியுமில்ல? மேல வாங்க!”

இரண்டு பேர் இறங்கிக் குளத்துக்காரரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக் கரையில் போட்டார்கள். உடம்பெல்லாம் பல நிறம். தூரத்திலிருந்து பார்த்த ஒரு குழந்தை இவரையும் கும்பிட்டது.

மனைவி டேப்புக்காரர் எதிரில் வந்து நின்றாள். மீனைப் பற்றி அவள் பேசவில்லை.

“ஏன் சார், சாமி தலைகீழா நிக்கறாரே. உங்கள்ல ஒருத்தருக்குக்கூட அது கஷ்டமா இல்லையா?”

“கஷ்டமாத்தான்மா இருக்கு. ஆனா நிமிர்த்தணும்னா தொடணும். தொடக் கூடாதே.”

விடிந்தது. மனைவி வழக்கம்போலத் தகர வாளியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தாள். “போகாத, பார்க்க வேண்டாம்” என்று குளத்துக்காரர் சொன்னார். அவள் கேட்கவில்லை. வளையலால் வாளி விளிம்பில் தட்டினாள். கொஞ்சம் நின்று மறுபடி தட்டினாள். தண்ணீரில் ஒரு கோடுகூட விழவில்லை. பெயிண்ட் ஆடை ஆடையாக மிதந்தது. அதற்கு நடுவே குளம் முழுக்க வெள்ளை வயிறுகள், ஒன்றை ஒன்று இடிக்காமல், அடித்துக்கொள்ளாமல், ஒழுங்காக. அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். தவிடு மட்டும் கையிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது.

டேப்புக்காரர் புகைப்படக்காரரோடு வந்தார். “அமோக வெற்றி! ஏரியில ஒரு துரும்புகூட விழலை. தலைவர் குடும்பத்தோட படகுல...” என்று ஆரம்பித்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“இது என்ன?”

“மீனுங்க” என்றார் குளத்துக்காரர்.

“யாரு போட்டது?”

“யாரும் போடலை. இங்கயே இருந்துது. நீங்கதான் பார்த்தீங்களே!”

“செயற்கைக் குளத்துல மீன் இருக்காதுன்னு நான் அன்னிக்கே உங்ககிட்டச் சொன்னேன்ல? அப்போ இது வெளியிலிருந்து வந்ததுதான். சாமி இருக்கற தண்ணியில செத்த மீனைக் கொட்டியிருக்கீங்க. அசைவத்தை! வெளியில தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? நான் உங்க மேல இருக்கற மரியாதையில சொல்றேன். கம்முனு அள்ளிப் புதைச்சுடுங்க. அள்ளறப்போ சிலை மேல கை படாமப் பார்த்துக்கங்க.”

குளத்துக்காரருக்கு அவர் சட்டையைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. கை எழவில்லை. கொஞ்ச நேரம் அந்த இரண்டு பெரிய பிளாஸ்டர் பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டார். சிலையையா, டேப்புக்காரரையா என்று அவருக்கே தெரியாது.

“ஒரு சிக்கல் இருக்கு” என்றார் டேப்புக்காரர், தனக்குத்தானே பேசுவதுபோல. “இந்தக் குளம் ரொம்பிப் போச்சு. அடுத்த வருஷத்துக்கு வேற இடம் பார்க்கணும். தலைவர் இன்னிக்கே கேட்பார்.” சொல்லிக்கொண்டே கொல்லைப்பக்கம் நடந்தார். நடந்தவர் நின்றார்.

“இது என்ன டிரம்?”

குளத்துக்காரருக்கு உயிரே போய்விட்டது. மிச்சம் இருந்ததெல்லாம் அதற்குள்தான் இருந்தது. அது பிழைத்தால் குஞ்சு பொரிக்கும். குஞ்சு பொரித்தால் எங்கேயாவது ஒரு பள்ளம் தோண்டி மறுபடி ஆரம்பிக்கலாம். அந்த நீல டிரம்முக்குள் அவ்வளவு இருந்தது.

“இது மனுஷன் செஞ்சதுதானே?” டேப்புக்காரர் பையிலிருந்து டேப்பை எடுத்தார்.

“இல்லீங்க” என்றார் குளத்துக்காரர் அவசரமாக. “தானா... தானா இருக்கறதுங்க.”

“தானா இருக்கற தண்ணின்னா இயற்கை நீர்நிலை. அப்படின்னா அரசாங்கத்தோடது.” அவர் கை மூடியை நோக்கி நீண்டது.

“தொடாதீங்க!”

மனைவி எப்போது எழுந்தாள், எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. டிரம்முக்கும் டேப்புக்காரருக்கும் நடுவில் நின்றாள். மண் ஒட்டின கையைக் கூப்பியிருந்தாள்.

“உள்ள சாமி இருக்கார் சார். வருஷா வருஷம் நான் பிடிக்கிற மண்ணுச் சாமி. குளத்துல இடமில்லைன்னு விடியக்காலம் இதுலதான் விட்டேன். தண்ணிக்குள்ள போன சாமியைத் தொடக் கூடாதுன்னு உங்க விதிதானே?”

டேப்புக்காரர் கை அந்தரத்தில் நின்றது. மெதுவாக அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றினார். டேப்பைப் பைக்குள் போட்டுவிட்டு, நீல டிரம்மைப் பார்த்து இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

குளத்துக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் செய்த வேலை அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், குளத்தையும் பிணத்தையும் மறந்து, அவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவளுடைய உதடும் லேசாகக் கோணியது. உள்ளே ஒரு வால் பிளாஸ்டிக் சுவரில் ‘தொப்’பென்று அடித்த சத்தம் கேட்டது. சாமி பதில் சொன்னதுபோலவே இருந்தது.

கழற்றிய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு டேப்புக்காரர் வாசல்வரை போனார். அங்கே அதை மாட்டிக்கொண்டு, ஏதோ ஞாபகம் வந்தவராகத் திரும்பினார். முகத்தில் அந்தப் பழைய சூரியன்.

“என்னம்மா சொன்னீங்க? வருஷா வருஷம் பிடிக்கிற சாமியை இதுலதான் விட்டீங்களா?”

அவள் தலையாட்டினாள். இந்தத் தடவை முழங்கையால் இடித்தவர் குளத்துக்காரர். அதுவும் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது.

“ரொம்ப சந்தோஷம்! தலைவர்கிட்ட என்ன சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன்.” அவர் வீட்டையும் கொல்லையையும் கண்ணாலேயே அளந்தார். “அந்தக் கொல்லைச் சுவரை மட்டும் அடுத்த வருஷத்துக்குள்ள இடிச்சு வச்சுடுங்க. கிரேன் திரும்பணும்ல?”

வேலி இருந்த இடத்தைத் தாண்டி அவர் போய்விட்டார். இன்னொரு சால்வையை அவர் அனுப்பி வைப்பதாகச் சொன்னது காற்றில் கேட்டது.

மனைவி டிரம் மூடியை விரல் அளவுக்கு நகர்த்தி, வளையலால் மெல்லத் தட்டினாள். பழுப்புத் தண்ணீருக்குள்ளிருந்து வாய்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து திறந்தன.